அமெரிக்க ஆவணப்படங்களில் இனமும் வறுமையும்

அமெரிக்காவில் கறுப்பின மக்கள் மீதான ஒடுக்குமுறையையும் அந்நாட்டின் பொருளாதார ஏற்றத்தாழ்வையும் பேசும் ஆவணப்படங்கள், தொலைக்காட்சி வீடுகளுக்குள் நுழைந்த காலத்திலிருந்து தொடர்ந்து எடுக்கப்பட்டு வருகின்றன. இவற்றுள் பல, வகுப்பறைகளில் வரலாற்றுப் பாடத்துக்குத் துணையாகக் காட்டப்படுகின்றன. அவற்றில் சில படங்களை எடுத்துக்கொண்டு இக்கட்டுரை ஒரு கேள்வியை ஆராய்கிறது. இனவெறியைக் கண்முன் நிறுத்துவதில் தேர்ந்த இப்படங்களால், அதனோடு பிணைந்த பண ஏற்றத்தாழ்வை எவ்வளவு தூரம் காட்ட முடிந்தது?

கேள்வி எழக் காரணம் உண்டு. 1963 மே மாதத்தில் அலபாமா மாநிலத்தின் பர்மிங்காம் நகரில், ஊர்வலம் சென்ற பள்ளிப் பிள்ளைகள் மீது போலீசார் நாய்களை ஏவினர். தீயணைப்புக் குழாய்களால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துச் சாய்த்தனர். 1965 மார்ச் 7 அன்று செல்மா நகரப் பாலத்தில் வாக்குரிமை கேட்டு நடந்தவர்களைத் தடியால் அடித்தனர். அன்றிரவு ஏ.பி.சி. தொலைக்காட்சி, நாஜிகள் மீதான விசாரணையைப் பற்றிய 'ஜட்ஜ்மென்ட் அட் நியூரம்பெர்க்' திரைப்படத்தை இடையில் நிறுத்திவிட்டுச் செல்மா காட்சிகளைக் காட்டியது. கேமரா அங்கே இருந்தது, நடந்தது பதிவாயிற்று, நாடு பார்த்தது. 1964, 1965 ஆண்டுகளின் குடியுரிமை, வாக்குரிமைச் சட்டங்கள் நிறைவேறியதில் இந்தப் படங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனால் ஒரு வங்கி ஒரு குடும்பத்துக்கு வீட்டுக்கடன் மறுப்பதை எப்படிப் படமெடுப்பது? மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் மரியாதையாகவே பேசுவார். ஒரு வாரம் கழித்துத் தபாலில் ஒரு கடிதம் வரும். நாயும் இல்லை, தடியும் இல்லை. பள்ளிக் கட்டணம், வாடகை, காப்பீட்டுப் படிவம், ஜாமீன் தொகை எல்லாம் இப்படிக் காகிதத்தில் நடப்பவை. அந்தக் காகிதத்தைத் தேடிப்போன படங்களே காலத்துக்கு நிற்கின்றன என்பது இக்கட்டுரையின் கருத்து.

ஹார்வெஸ்ட் ஆஃப் ஷேம் (1960)

'வெட்கத்தின் அறுவடை' என்று பொருள்படும் இப்படம் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் 1960 நவம்பர் 25 அன்று ஒளிபரப்பானது. அது அமெரிக்கர்கள் நன்றி நவிலும் நாள் விருந்து உண்ட மறுநாள். நாள் வேண்டுமென்றே தேர்ந்தெடுக்கப்பட்டது. விருந்து மேசைக்கு வந்த காய்கனிகளைப் பறித்தவர்கள் யார் என்பதுதான் படத்தின் பொருள். எட்வர்ட் மர்ரோ தோன்றிப் பேசினார். களத்தில் அலைந்து படத்தை உருவாக்கியவர் தயாரிப்பாளர் டேவிட் லோ.

புளோரிடா மாநிலத்தில் விடியற்காலையில் ஆட்பிடிக்கும் காட்சியோடு படம் தொடங்குகிறது. ஒப்பந்தக்காரர்கள் கூலியைக் கூவுகிறார்கள். ஆட்கள் லாரிகளில் ஏறுகிறார்கள். இது தென்னாப்பிரிக்காவில் நடப்பதல்ல, இங்கே நம் நாட்டில் நடப்பது என்று மர்ரோ நினைவூட்டுகிறார். பயிரின் பருவத்தைத் தொடர்ந்து தெற்கிலிருந்து வடக்கே ஊர் ஊராகப் போகும் இந்தத் தொழிலாளர்களில் கறுப்பினத்தவரும் உண்டு, வெள்ளையரும் உண்டு. இருவரையும் ஒரே படத்தில் காட்டியது அன்று துணிச்சலான செயல்.

படத்தின் பலம் அதன் எளிய கேள்விகள். இன்று எவ்வளவு சம்பாதித்தீர்கள், பிள்ளைகள் என்ன சாப்பிட்டார்கள், எத்தனை மணிக்கு வேலைக்குப் போனீர்கள் என்ற வகைக் கேள்விகளே திரும்பத் திரும்ப வருகின்றன. பதில்களைக் கூட்டிக் கழித்துப் பார்க்கும் வேலை பார்ப்பவருடையது. பிள்ளைகள் காப்பகத்துக்குக் கட்டும் பணம் தாயின் கூலிக்குக் கட்டுப்படியாகாததால், சின்னஞ்சிறு தங்கைகளை ஒரு சிறுவன் வீட்டில் தனியாகப் பார்த்துக்கொள்கிறான். இந்த இடத்தில் மர்ரோவின் கனத்த குரலே தேவையில்லை.

காட்சிகளைப் புரிந்துகொள்ள ஒரு சட்டப் பின்னணியை மாணவர்கள் அறிந்திருப்பது நல்லது. தொழிற்சங்க உரிமையை உறுதிசெய்த 1935ஆம் ஆண்டுச் சட்டமும், குறைந்தபட்சக் கூலியை நிர்ணயித்த 1938ஆம் ஆண்டுச் சட்டமும் விவசாயத் தொழிலாளர்களை விலக்கி வைத்தன. வீட்டு வேலை செய்வோருக்கும் இந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. தென் மாநிலங்களின் கறுப்பினத்தவரில் பெரும்பாலோர் அன்று இந்த இரண்டு வேலைகளில்தான் இருந்தார்கள். சட்டத்தில் இனம் என்ற சொல்லே வராது. விளைவு மட்டும் இனம் பார்த்து விழுந்தது.

படத்தின் குறை, அது முறையீடாக முடிவது. தொழிலாளர்கள் துன்பப்படுபவர்களாக வருகிறார்கள். தீர்வு பார்ப்பவரின் கையில் ஒப்படைக்கப்படுகிறது. 1966இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பெரிய பண்ணைகளின் தொழிலாளருக்கு நீட்டிக்கப்பட்டது. ஆனாலும் 1970இல் என்.பி.சி. தொலைக்காட்சி அதே புளோரிடாவுக்குப் போய் 'மைக்ரன்ட்' என்ற படத்தை எடுக்க வேண்டியிருந்தது. பத்து ஆண்டுகளில் மாறியது கொஞ்சம்தான் என்று அப்படம் காட்டியது.

இப்படத்துக்கு ஒரு பின்கதையும் உண்டு. 1961இல் கென்னடி அரசு மர்ரோவை அமெரிக்கத் தகவல் முகமையின் தலைவராக்கியது. அமெரிக்காவின் நற்பெயரை உலகில் பரப்புவது அவருடைய வேலையாயிற்று. பிரிட்டனின் பி.பி.சி. இப்படத்தை ஒளிபரப்பத் தயாரானபோது, ஒளிபரப்ப வேண்டாமென்று கேட்டுக்கொண்டவர் அதே மர்ரோ. பி.பி.சி. அதை ஏற்கவில்லை. உண்மை உள்நாட்டில் சொல்லலாம், வெளியூர்க்காரன் முன்னால் சொல்லக்கூடாது என்ற மனநிலை எல்லா அரசுகளுக்கும் பொதுவானது போலும்.

ஐஸ் ஆன் தி ப்ரைஸ் (1987, 1990)

குடியுரிமைப் போராட்டத்தின் வரலாற்றைச் சொல்லும் தொடர்களில் முதன்மையானது இது. பாஸ்டன் நகரில் 1968இல் பிளாக்சைட் என்ற படநிறுவனத்தைத் தொடங்கிய ஹென்றி ஹாம்ப்டன் உருவாக்கியது. இளம் வயதில் போலியோவால் கால் பாதிக்கப்பட்டவர். 1965இல் செல்மாவுக்கு நேரில் சென்று நடந்தவர். பின்னணி உரை பேசியவர் ஜூலியன் பாண்ட். அவரும் போராட்டத்தில் பங்குகொண்டவரே.

தொடருக்கு ஹாம்ப்டன் வைத்துக்கொண்ட விதி எளிமையானது. அந்த இடத்தில் இருந்தவர் மட்டுமே பேசலாம். பேராசிரியர்களின் விளக்கம் கிடையாது. எதிர்த்தரப்புக்கும் இதே விதிதான். செல்மாவின் அன்றைய மேயர் ஜோசப் ஸ்மிதர்மன் தன் பக்கத்தைத் தானே சொல்கிறார். பார்ப்பவர் யாரை நம்புவது என்று தானே முடிவுசெய்கிறார். பிற்காலத்து ஆவணப்படங்கள் பல இந்த விதியைக் கைவிட்டு, மூன்று நிமிடத்துக்கு ஒரு நிபுணரை உட்கார வைத்தன. அதனால் அவற்றின் வேகம் கூடியது. நம்பகம் கூடியதாகச் சொல்ல முடியாது.

1987இல் வந்த முதல் ஆறு பகுதிகள் 1954 முதல் 1965 வரையிலான காலத்தைச் சொல்கின்றன. 1955இல் மிசிசிப்பியில் கொல்லப்பட்ட 14 வயதுச் சிறுவன் எம்மெட் டில்லில் தொடங்கி, மாண்ட்கமரி பேருந்துப் புறக்கணிப்பு, லிட்டில் ராக் பள்ளி, பர்மிங்காம் வழியாகச் செல்மாவில் முடிகின்றன. வகுப்புகளில் பெரும்பாலும் காட்டப்படுபவை இவையே. ஆசிரியருக்கு இவை வசதியானவை. தொடக்கம் உண்டு, எதிரி தெளிவு, முடிவில் சட்டம் நிறைவேறுகிறது. ஆனால் இவற்றை மட்டும் பார்த்த மாணவர், பிரச்சினை 1965இல் தீர்ந்துவிட்டது என்ற எண்ணத்தோடு எழுந்து போகக்கூடும்.

1990இல் வந்த அடுத்த எட்டுப் பகுதிகள் அந்த எண்ணத்தைக் கலைக்கின்றன. 1966இல் மார்ட்டின் லூதர் கிங் சிகாகோவின் மேற்குப் பகுதியில் ஒரு பழைய வாடகை வீட்டில் குடியேறினார். கறுப்பினத்தவருக்கு நகரின் எந்தப் பகுதியிலும் வீடு கிடைக்க வேண்டும் என்று கேட்டு வெள்ளையர் குடியிருப்புகளுக்குள் ஊர்வலம் போனார். கல் எறிந்தார்கள், கிங்கின் தலையிலேயே ஒரு கல் பட்டது. கல் எறிந்தவர்கள் பண்ணை முதலாளிகள் அல்லர். கடன் வாங்கி வீடு கட்டிய தொழிலாளர்கள். கறுப்பினத்தவர் குடிவந்தால் தங்கள் வீட்டின் விலை விழும் என்று அஞ்சினார்கள். செல்மாவில் இருந்தது போன்ற தெளிவான எதிரி இங்கே இல்லை. தொடரின் இந்தப் பகுதி பார்ப்பவரைச் சங்கடப்படுத்துகிறது; அதனாலேயே முதல் ஆறு பகுதிகளைவிட முக்கியமானது.

1968 பிப்ரவரி 1 அன்று மெம்பிஸ் நகரில் குப்பை லாரியின் அழுத்தும் பொறியில் சிக்கி இரண்டு துப்புரவுத் தொழிலாளர்கள் இறந்தனர். சில நாட்களில் சுமார் 1,300 பேர் வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வு, சங்க அங்கீகாரம், பாதுகாப்பு ஆகியவை கோரிக்கைகள். வரிசையாக நடந்தவர்கள் கையில் பிடித்த அட்டைகளில் 'நான் ஒரு மனிதன்' என்று பொருள்படும் சொற்கள் மட்டுமே இருந்தன. கூலிக் கோரிக்கை ஒன்று உலகம் மறக்காத படமாக மாறியது இங்கேதான். இந்த வேலைநிறுத்தத்துக்கு ஆதரவாக வந்த இடத்தில்தான் ஏப்ரல் 4 அன்று கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். 'தி ப்ராமிஸ்ட் லேண்ட்' என்னும் பகுதி இதையும், அதன் பின் வாஷிங்டனில் ஏழைகள் மழையிலும் சேற்றிலும் கூடாரமிட்டுத் தங்கிய போராட்டத்தையும் சொல்கிறது. மெம்பிஸ் நிகழ்ச்சியை மட்டும் விரிவாக அறிய விரும்புவோர் 1993இல் வந்த 'அட் தி ரிவர் ஐ ஸ்டாண்ட்' படத்தைப் பார்க்கலாம்.

ஹாம்ப்டன் பிறகு எடுத்த தொடர்களின் பொருளே அவருடைய எண்ணம் எங்கே சென்றது என்பதைக் காட்டும். 1993இல் 1930களின் பொருளாதாரப் பெருமந்தம் பற்றியும், 1995இல் அமெரிக்க அரசின் வறுமை ஒழிப்புத் திட்டங்கள் பற்றியும் தொடர்கள் எடுத்தார். இவை முதல் தொடரின் புகழை எட்டவில்லை.

இனம் குறுக்கிடாத இடத்தில் வர்க்கம் எப்படித் தெரியும் என்பதற்கு பார்பரா காப்பிளின் 'ஹார்லன் கவுண்டி, யு.எஸ்.ஏ.' (1976) நல்ல ஒப்பீடு. கென்டக்கி மாநிலச் சுரங்கத் தொழிலாளர்களின் நீண்ட வேலைநிறுத்தம் பற்றியது. துப்பாக்கியோடு வரும் அடியாட்களின் காட்சிகளே அதிகம் பேசப்படுகின்றன. ஆனால் படத்தின் சிறந்த இடம் வேறு. நியூயார்க்கில் பங்குச் சந்தைப் பகுதிக்கு மறியல் செய்ய வந்த ஒரு சுரங்கத் தொழிலாளியும் காவலுக்கு நின்ற ஒரு போலீஸ்காரரும் நடைபாதையில் பேசிக்கொள்கிறார்கள். உனக்கு எவ்வளவு சம்பளம், மருத்துவச் செலவு உண்டா, ஓய்வூதியம் உண்டா என்று ஒருவரையொருவர் கேட்கிறார்கள். பதில்களைக் கேட்கக் கேட்கப் போலீஸ்காரரின் முகம் மாறுகிறது.

ஹூப் ட்ரீம்ஸ் (1994)

ஸ்டீவ் ஜேம்ஸ் இயக்கிய இப்படத்தைக் கூடைப்பந்தாட்டப் படம் என்று எண்ணி ஒதுக்குபவர்கள் உண்டு. அது இழப்பு. பணத்தைக் காட்டுவதில் இதற்கு இணையான அமெரிக்க ஆவணப்படம் அரிது.

சிகாகோவின் கார்ட்டம்குவின் நிறுவனத்துக்காக ஜேம்ஸ், பிரடெரிக் மார்க்ஸ், பீட்டர் கில்பர்ட் ஆகிய மூவரும் பொதுத் தொலைக்காட்சிக்கு அரைமணி நேரப் படம் ஒன்று எடுக்கத் தொடங்கினார்கள். அது ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் நீண்டது. 250 மணி நேரப் பதிவிலிருந்து மூன்று மணி நேரத்துக்குச் சற்றே குறைந்த படம் உருவாயிற்று. வில்லியம் கேட்ஸ், ஆர்தர் ஏஜி என்ற இரு கறுப்பினச் சிறுவர்களைப் பதினான்கு வயதிலிருந்து கல்லூரி வாசல் வரை படம் பின்தொடர்கிறது. கேட்ஸ் காப்ரினி கிரீன் அரசுக் குடியிருப்பில் வளர்ந்தவன். ஏஜி மேற்குச் சிகாகோவைச் சேர்ந்தவன். முன்பு கிங் குடியேறிய பகுதி அங்கிருந்து தூரமில்லை.

புறநகரிலுள்ள செயின்ட் ஜோசப் என்ற தனியார் கத்தோலிக்கப் பள்ளி இருவரையும் விளையாட்டுக்காகச் சேர்த்துக்கொள்கிறது. வீட்டிலிருந்து பள்ளிக்குப் போக ஒன்றரை மணி நேரம், திரும்ப ஒன்றரை மணி நேரம். இருவருக்கும் உதவித்தொகை பகுதி மட்டுமே. கேட்ஸ் முதல் ஆண்டிலேயே பெரிய அணியில் ஆடத் தொடங்குகிறான். அவனுடைய மீதிக் கட்டணத்தை ஏற்கப் புரவலர் ஒருவர் கிடைக்கிறார். அவர் பிரிட்டானிக்கா கலைக்களஞ்சிய நிறுவனத்தின் தலைவர். ஏஜி பயிற்சியாளர் எதிர்பார்த்த அளவு வளரவில்லை, புரவலரும் வரவில்லை. கட்டணம் உயர்கிறது, பெற்றோர் வேலை இழக்கிறார்கள், பாக்கி சேர்கிறது. கல்வியாண்டின் நடுவே அவன் பள்ளியை விட்டு வெளியேற வேண்டியதாகிறது. அருகிலுள்ள மார்ஷல் அரசுப் பள்ளியில் சேர்கிறான்.

இதற்குப் பிறகு வரும் ஒரு காட்சி, படம் முழுவதற்கும் திறவுகோல். ஏஜியின் மதிப்பெண் சான்றைப் பழைய பள்ளி கட்டணப் பாக்கிக்காக நிறுத்தி வைத்திருக்கிறது. அது இல்லாமல் அவன் பள்ளிப் படிப்பை முடிக்க முடியாது. பெற்றோர் பள்ளி அலுவலகத்துக்குப் போகிறார்கள். எதிரே அமர்ந்திருப்பவர் கடுமையாக ஒரு சொல் பேசுவதில்லை. தவணையாகக் கட்டலாம் என்று வழி சொல்கிறார், பெற்றோர் தலையாட்டுகிறார்கள். சான்றிதழைப் பிடித்து வைக்கும் இந்த வழக்கம் எந்த நாட்டு ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் அறிமுகமானது. பள்ளியே தேடிவந்து அழைத்த பிள்ளை, இப்போது கடன்காரன். இந்த மாற்றம் ஒரு மேசை, மூன்று நாற்காலிகள், சில தாள்கள் உள்ள அறையில் நிகழ்கிறது. கேமரா அந்த அறையில் இருந்தது.

ஏஜியின் தாய் ஷீலாவே படத்தின் உண்மையான நாயகி. அரசு உதவித்தொகையாக மாதம் 268 டாலரில் குடும்பம் நடத்தும் அவர், இதில் நான் எப்படிச் சமாளிக்கிறேன் என்று நீங்கள் எப்போதாவது உங்களைக் கேட்டுக்கொண்டதுண்டா என்று கேமராவைப் பார்த்தே கேட்கிறார். ஒரு கட்டத்தில் வீட்டு மின்சாரம் துண்டிக்கப்பட்டு, குடும்பம் இருட்டில் இருக்கிறது. பின்னர் அவர் செவிலி உதவியாளர் படிப்பில் வகுப்பிலேயே முதலாவதாகத் தேறுகிறார். அந்தப் பட்டமளிப்பில் ஏறக்குறைய ஆளே இல்லை. மகனின் ஆட்டத்துக்கு அரங்கம் நிரம்பி வழிகிறது. படத்தொகுப்பாளர்கள் இவ்விரண்டையும் அருகருகே வைத்து விளக்கம் ஏதும் சொல்லவில்லை. ஏஜியின் பதினெட்டாம் பிறந்தநாளில் தாய் கேக் செய்கிறார். இந்த வயதுவரை மகன் உயிரோடு இருப்பதே கொண்டாட வேண்டிய செய்தி. அதே நாளில் அவனுக்குரிய உதவித்தொகையும் நின்றுபோகிறது.

கறுப்பின எழுத்தாளர் பெல் ஹூக்ஸ் இப்படத்தைக் கடுமையாக விமர்சித்தார். போட்டியில் வெல்வதே வாழ்வு என்ற எண்ணத்தைப் படம் கேள்வி கேட்காமல் விடுகிறது, கறுப்பின இளைஞரின் உடலை வேடிக்கைப் பொருளாக்குகிறது என்பது அவர் வாதம். அதில் உண்மை இருக்கிறது. ஆட்டக் காட்சிகள் கடைசி நொடிப் பரபரப்போடு தொகுக்கப்பட்டிருக்கின்றன. பார்ப்பவரும் பந்து கூடைக்குள் விழ வேண்டும் என்று முன்நகர்ந்து உட்காருகிறார். அந்தத் துடிப்பில் பள்ளிக் கணக்கு ஒரு நிமிடம் மறந்துபோகிறது. ஆனால் படமே இதை அறிந்திருக்கிறது என்று தோன்றுகிறது. கோடைக்காலப் பயிற்சி முகாமில் இயக்குநர் ஸ்பைக் லீ வந்து, உங்களை இங்கே அழைத்திருப்பது நீங்கள் பள்ளிக்கும் கல்லூரிக்கும் பணம் ஈட்டித் தருவீர்கள் என்பதற்காகத்தான் என்று பிள்ளைகளிடம் நேராகச் சொல்லும் காட்சி வெட்டப்படாமல் இருக்கிறது. இறுதியில் கேட்ஸ் விடைபெறும்போது, ஒருவன் போகிறான், அடுத்தவன் வருகிறான் என்ற பொருளில் பயிற்சியாளர் பேசுவதும் அப்படியே இருக்கிறது.

வறுமையைப் படமெடுப்பவர்கள் படத்தில் வருபவர்களுக்கு என்ன கடன்பட்டிருக்கிறார்கள் என்ற கேள்வி இவ்வகைப் படங்கள் எல்லாவற்றுக்கும் பொருந்தும். 'ஹூப் ட்ரீம்ஸ்' குழுவினர் படத்தின் வருவாயில் அதில் தோன்றியவர்களுக்குப் பங்கு கொடுத்தனர். ஆவணப்பட உலகில் இது வழக்கமான செயலன்று. சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் பட்டியலில் இப்படம் இடம்பெறாமல் போனது பெரும் கண்டனத்தைக் கிளப்பி, தேர்வு முறையே மாறக் காரணமாயிற்று.

நியூ ஆர்லியன்ஸ்

2005 ஆகஸ்டு 29 அன்று காத்ரீனா புயல் தாக்கியபோது நியூ ஆர்லியன்ஸ் நகரின் வெள்ளத்தடுப்புக் கரைகள் உடைந்தன. நகரின் சுமார் 80 விழுக்காடு நீரில் மூழ்கியது. கார் இல்லாத, கையில் காசு இல்லாத மக்கள் நகரிலேயே சிக்கினர். அவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். ஓராண்டுக்குள் ஸ்பைக் லீ எச்.பி.ஓ. தொலைக்காட்சிக்காக 'வென் தி லெவீஸ் ப்ரோக்' என்ற நான்கு மணி நேரப் படத்தை எடுத்தார்.

பேட்டியளித்தவர்கள் ஏறக்குறைய நூறு பேர். இசையமைத்த டெரன்ஸ் பிளான்சர்டின் தாயே, வெள்ளம் வடிந்த தன் வீட்டைத் திறந்து பார்க்கும் காட்சியில் வருகிறார். முதல் இரண்டு மணி நேரத்தில் நீர், கூரை, பிணம் என்று செய்திகளில் பார்த்தவையே அதிகம். பிற்பகுதியில் படம் காகிதத்துக்கு வருகிறது. காப்பீட்டுக்காரர் வந்து, உங்கள் வீட்டை அழித்தது காற்றா, வெள்ளமா என்று கேட்கிறார். காற்று என்றால் பணம் உண்டு. வெள்ளம் என்றால் அதற்குத் தனிக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும். வீட்டை இழந்தவர்கள் இதைச் சொல்லும்போது எழும் கோபம், கூரை மேல் நின்று கையசைத்த காட்சிகளை விடக் கனமானது.

1927ஆம் ஆண்டு வெள்ளத்தில் நகரைக் காப்பாற்ற அதற்குக் கீழே உள்ள கரை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது வரலாறு. 2005லும் அப்படியே செய்தார்கள் என்று நம்பும் மக்களுக்கு லீ தாராளமாக இடம் கொடுக்கிறார். நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதைப் படம் நன்றாக விளக்குகிறது. ஆனால் கரைகள் உடைந்தது வடிவமைப்புக் குறைகளால்தான் என்ற பொறியாளர்களின் முடிவை இன்னும் அழுத்தமாக அதன் அருகிலேயே வைத்திருக்கலாம்.

படம் முடிந்த பிறகே மிகப் பெரிய அநீதி நடந்தது. வீடு கட்ட அரசு கொடுத்த உதவித்தொகை, புயலுக்கு முன் வீட்டுக்கு இருந்த சந்தை மதிப்பு, திரும்பக் கட்டும் செலவு ஆகிய இரண்டில் எது குறைவோ அதை வைத்துக் கணக்கிடப்பட்டது. ஒரே அளவு வீடு, ஒரே மாதிரிச் சேதம். ஆனால் கறுப்பினத்தவர் வாழும் பகுதியில் வீட்டின் மதிப்பு குறைவு. எனவே உதவியும் குறைவு. வழக்கு தொடரப்பட்டு, 2011இல்தான் சமரசம் ஏற்பட்டது.

அந்தப் பகுதிகளில் வீட்டு மதிப்பு ஏன் குறைவு? இதற்கு விடை, புயலுக்கு முன்பே வந்த ஒரு படத்தில் இருக்கிறது. 'ரேஸ்: தி பவர் ஆஃப் அன் இல்யூஷன்' (2003) தொடரின் மூன்றாம் பகுதியான 'தி ஹவுஸ் வி லிவ் இன்', அரசு உத்தரவாதத்துடன் தரப்பட்ட வீட்டுக்கடன்கள் வெள்ளையர் குடியிருப்புகளுக்கே எப்படிப் போய்ச் சேர்ந்தன என்று காட்டுகிறது. 1934 முதல் 1962 வரை இவ்வாறு தரப்பட்ட 12,000 கோடி டாலரில் வெள்ளையரல்லாதோர் பெற்றது 2 விழுக்காட்டுக்கும் குறைவு என்பது படம் தரும் கணக்கு. இது பரபரப்பில்லாத படம். வரைபடமும் பழைய விளம்பரமும் சில குடும்பங்களின் பேச்சும்தான். ஆனால் ஒரு குடும்பத்தின் சொத்து இரண்டு தலைமுறையில் எப்படி விரிகிறது, எப்படிச் சுருங்குகிறது என்பதை மாணவருக்கு இதைவிடத் தெளிவாகச் சொன்ன படம் குறைவு. லீயின் படத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது.

13த் (2016)

ஏவா டுவெர்னே இயக்கிய '13த்', அடிமை முறையை ஒழித்த 1865ஆம் ஆண்டு அரசியல் சட்டத் திருத்தத்திலிருந்து தொடங்குகிறது. குற்றத்துக்கான தண்டனை நீங்கலாக என்று அதில் ஒரு விலக்கு உண்டு. அந்தச் சில சொற்களின் வழியே அடிமை முறை சிறைக்குள் எப்படித் தொடர்ந்தது என்பது படத்தின் வாதம். 1970இல் சுமார் மூன்றரை லட்சமாக இருந்த கைதிகள் எண்ணிக்கை 2014இல் 23 லட்சமானது என்ற எண்கள் திரையில் ஏறிக்கொண்டே போகின்றன. ஏஞ்சலா டேவிஸ், பிரையன் ஸ்டீவன்சன், மிஷெல் அலெக்சாண்டர் முதலியோரோடு, குடியரசுக் கட்சியின் நியூட் கிங்ரிச்சும் பேசுகிறார்.

வாதம் வலுவானது, வேகம் அளவுக்கு மீறியது. ஒரு நூற்றைம்பது ஆண்டுக் கதை நூறு நிமிடங்களில் ஓடுகிறது. தனியார் சிறை நிறுவனங்களின் லாபத்துக்குப் படம் கொடுக்கும் இடமும் அதிகம். அமெரிக்கக் கைதிகளில் தனியார் சிறைகளில் இருப்போர் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பெரும்பான்மையோரை அடைத்து வைத்திருப்பவை அரசுச் சிறைகளே. இதைப் படத்திலிருந்து ஒரு மாணவர் அறிந்துகொள்ள இயலாது.

ஆனால் கலீஃப் ப்ரவுடர் பற்றிய சில நிமிடங்கள் படத்தை உயர்த்துகின்றன. 16 வயதில் ஒரு பையைத் திருடியதாக நியூயார்க்கில் கைது செய்யப்பட்டவர். ஜாமீன் தொகை 3,000 டாலர். குடும்பத்தால் கட்ட முடியவில்லை. விசாரணையே இல்லாமல் ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் மூன்று ஆண்டுகள் இருந்தார். அதில் பெரும்பகுதி தனிமைச் சிறை. வழக்கு கைவிடப்பட்டு வெளியே வந்தவர் 2015இல் தற்கொலை செய்துகொண்டார். இங்கே இனமும் பணமும் ஒரே தாளில் வந்து நிற்கின்றன. இவரைப் பற்றி 2017இல் தனியாக ஆறு பகுதித் தொடர் ஒன்றும் வந்தது.

பார்க்கக் கிடைத்தல்

இப்படங்கள் எப்போதும் பார்க்கக் கிடைத்ததில்லை. 'ஐஸ் ஆன் தி ப்ரைஸ்' தொடரில் உள்ள செய்திச் சுருள்கள், புகைப்படங்கள், பாடல்கள் ஆகியவற்றுக்கு ஹாம்ப்டன் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டுமே உரிமம் வாங்க முடிந்தது. கையில் இருந்த பணம் அவ்வளவுதான். 1990களில் உரிமங்கள் காலாவதியாயின. மறுஒளிபரப்பு நின்றது, புதிய பிரதிகள் விற்க முடியவில்லை. 1998இல் ஹாம்ப்டன் இறந்தார். அமெரிக்காவின் மிக முக்கியமான வரலாற்றுத் தொடர், நூலகங்களில் தேய்ந்துகொண்டிருந்த வீடியோ நாடாக்களில் மட்டும் உயிரோடு இருந்தது. ஃபோர்டு அறக்கட்டளையும் ஒரு தனிநபர் கொடையாளியும் தந்த ஏறக்குறைய எட்டரை லட்சம் டாலரைக் கொண்டு உரிமங்கள் புதுப்பிக்கப்பட்ட பிறகே, 2006இல் முதல் ஆறு பகுதிகள் பொதுத் தொலைக்காட்சியில் மீண்டும் ஒளிபரப்பாயின. அடுத்த எட்டுப் பகுதிகள் 2008 வரை காத்திருந்தன. முக்கியமான பகுதிக்குத்தான் அதிகத் தாமதம்.

இதற்கு மாறாக, '13த்' படத்தை 2020இல் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் யூடியூபில் கட்டணமின்றி வெளியிட்டது. அந்த ஆண்டு மே மாதத்தில் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் போலீசாரால் கொல்லப்பட்ட பின் அதைப் பார்த்தவர் எண்ணிக்கை பெருகியது.

ஹாம்ப்டன் சேர்த்த ஆவணங்கள் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளன. தொடருக்காக எடுத்த பேட்டிகளின் முழு எழுத்து வடிவத்தையும் அந்நூலகம் இணையத்தில் கட்டணமின்றி வைத்திருக்கிறது. திரையில் ஒரு நிமிடம் பேசுபவர் அங்கே பல பக்கங்களுக்குப் பேசுகிறார். எந்தப் பகுதி படத்தில் சேர்ந்தது, எது விடுபட்டது என்று ஒப்பிட்டுப் பார்க்க விரும்பும் மாணவர், சிகாகோ வீட்டுரிமைப் போராட்டத்தில் பங்குகொண்டவர்களின் பேட்டிகளிலிருந்து தொடங்கலாம்.